சமூக சேவைக்கு அனுப்பினால் போதுமா?

2024 மே 19 அன்று புனேயில் சொகுசு கார் மோதி இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். காரை ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 17 வயதுச் சிறுவனுக்குச் சில மணி நேரத்தில் பிணை கிடைத்தது. சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும், 15 நாள் போக்குவரத்துக் காவலர்களுடன் பணியாற்ற வேண்டும் என்பவை நிபந்தனைகள். நாடே கொதித்தது, நியாயமான கோபம்தான். ஆனால், சிறார்களுக்குச் சமூக சேவை என்றாலே பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தப்பிக்கும் வழி என்கிற எண்ணமும் அதோடு வேரூன்றிவிட்டது. இதனால் நஷ்டப்படப்போவது ஏழைச் சிறுவர்கள்.

புனேயில் விதிக்கப்பட்டது பிணை நிபந்தனை. விசாரணை முடிந்தபின் இளைஞர் நீதிக் குழுமம் பிறப்பிக்கும் உத்தரவு வேறு. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்புவதில் தொடங்கி, சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டுவரை வைப்பது வரைக்கும் பல வாய்ப்புகளைத் தருகிறது. சமூக சேவை அவற்றில் ஒன்று. ஒரு நிறுவனமோ, குழுமம் அடையாளம் காட்டும் நபரோ அதை மேற்பார்வையிட வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் கோட்டைவிடுவது அந்த நபரைத்தான்.

செல்பேசி திருடிப் பிடிபட்ட 16 வயதுப் பையன் ஒருவனை அரசு மருத்துவமனைக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ‘டேய்’ என்று அழைத்து ஸ்ட்ரெச்சர் தள்ளச் சொல்வார்கள். மாலையில் தாளில் யாரோ கையெழுத்துப் போடுவார்கள். கணக்குத் தீரும், அவனுக்கு மிஞ்சுவது அவமானம். அங்கேயே ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் அவனுக்குத் துணையாக இருந்தால்? ஓ.பி. சீட்டுடன் எக்ஸ்ரே அறை தெரியாமல் தடுமாறும் பாட்டியைக் கூட்டிப்போகச் சொல்வார். திரும்பி வந்ததும் “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்பார். பள்ளியை ஏன் விட்டான் என்பது அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். டி.சி. வாங்கி ஐ.டி.ஐ.யில் சேர்க்கும் வழியும் அங்கேதான் திறக்கும்.

இதை நன்னடத்தை அலுவலர் செய்யலாமே என்று கேட்கலாம். சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் கொடுத்துவிட்டு அடுத்த வழக்குக்கு ஓட வேண்டியவர் அவர். ஒரே பையனோடு மாதக்கணக்கில் பழக அவருக்கு நேரம் ஏது?

‘இல்லத்தில் அடைத்தால்தான் திருந்துவார்கள்’ என்போர் செங்கல்பட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். திருட்டு வழக்கில் பிடிபட்டு அங்குள்ள அரசு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட 17 வயதுச் சிறுவன் 2022 டிசம்பரில் இறந்தான். அவனைத் தாக்கியதாகக் கைதானவர்கள் இல்லத்தின் ஊழியர்கள். கொடுங்குற்றங்களுக்குச் சமூக சேவை தீர்வாகாது என்பது உண்மை. 16 வயதைக் கடந்தவர்கள் அத்தகைய வழக்கில் சிக்கினால், சட்டத்தின் 15ஆவது பிரிவு தனி வழியே வைத்திருக்கிறது. இங்கே பேசுவது சிறு திருட்டு, அடிதடி போன்ற வழக்குகளைப் பற்றி.

எந்த வேலையைக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். பூங்காப் பராமரிப்பு, முதியோருக்கு உதவி என்று 2016 மாதிரி விதிகள் உதாரணம் காட்டுகின்றன. தூய்மைப் பணியும் சேவைதானே என்று பட்டியல் சாதிச் சிறுவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்தால், அது சீர்திருத்தம் ஆகாது. சாதி காலங்காலமாகக் கொடுத்துவரும் தண்டனை. காலிப் பணியிடத்தை நிரப்பும் சம்பளமில்லா ஆளாகவும் அவனை ஆக்கக் கூடாது. பள்ளி நேரத்தில் கைவைக்கவும் கூடாது.

தமிழக அரசு செய்ய வேண்டியது பெரிய செலவல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், மெக்கானிக்குகள் என்று மாவட்டந்தோறும் வழிகாட்டிகளின் பட்டியல் வேண்டும். காவல் துறைச் சரிபார்ப்பும், சிறுவனின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்னும் 74ஆவது பிரிவு குறித்த பயிற்சியும் அவர்களுக்குக் கட்டாயம். பேருந்துச் செலவையாவது அரசு கொடுக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு சிறுவன், குறைந்தது ஆறு மாதம். இதையெல்லாம் உறுதிசெய்ய மாநில விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்: வழிகாட்டியின் பெயரைக் குறிப்பிடாமல் எந்தக் குழுமமும் சமூக சேவை உத்தரவு பிறப்பிக்கக் கூடாது.