டிஸ்னிலாந்தில் நின்று போன இலவச வண்டி! கட்டணம் உயர்ந்தது, கால்கள் வலித்தன

ஒரு பெரிய உல்லாசப் பூங்கா. உள்ளே ராட்டினம் சுழல்கிறது. கோட்டை மின்னுகிறது. மிக்கி எலி வேடக்காரர் சிறுவர் சிறுமிகளுக்குக் கை கொடுக்கிறார்.

ஆனால், காரை நிறுத்திய இடத்தில் இருந்து பூங்கா வாசலுக்குப் போக அரை மைலுக்கு மேல் நடக்க வேண்டும்! இடுப்பில் ஒரு குழந்தை. கூடவே முழங்கால் வலியோடு பாட்டி. என்ன செய்வது?

இந்தக் கஷ்டம் தீர ஏற்பட்டதுதான் "டிராம்" வண்டி. அமெரிக்காவில் உள்ள புகழ் பெற்ற டிஸ்னிலாந்துப் பூங்காவில் இந்த வண்டி 2020-ல் நின்றது. ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஓடவே இல்லை.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால், அதில் ஒரு பெரிய கேள்வி அடங்கி இருக்கிறது.

தண்டவாளம் இல்லாத டிராம்

டிராம் என்றதும் தண்டவாளம் நினைவுக்கு வரும். சென்னையில் 1953 வரை ஓடிய டிராம் அப்படிப்பட்டதுதான்.

பூங்கா டிராம் வேறு. இதற்குத் தண்டவாளம் கிடையாது. ரப்பர் சக்கரத்தில் ஓடும். முன்னால் இழுக்கும் வண்டி ஒன்று. அதன் பின்னால், ரெயில் போல, வரிசையாகப் பெட்டிகள்.

பஸ் விடக்கூடாதா? விடலாம். ஆனால், பஸ்சுக்கு ஒரு வாசல் அல்லது இரண்டு வாசல். ஒருவர் பின் ஒருவராக ஏற வேண்டும். டிராமில் ஒவ்வொரு வரிசை ஆசனத்துக்கும் பக்கத்திலேயே வழி உண்டு. நூறு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் ஏறலாம். ஒரே சமயத்தில் இறங்கலாம். ஓட்டுவதற்கு ஒரே ஒரு டிரைவர் போதும்.

கூட்டத்தைச் சீக்கிரம் நகர்த்த இதைவிட எளிய வழி இல்லை.

பூங்காவை விடப் பெரிய கார் மைதானம்!

டிஸ்னிலாந்து 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி திறக்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம் என்ற ஊரில் இருக்கிறது. கார்ட்டூன் படங்களால் பெயர் பெற்ற வால்ட் டிஸ்னி அதை அமைத்தார்.

அவர் வாங்கிய நிலம் சுமார் 160 ஏக்கர். பெரும்பாலும் ஆரஞ்சுத் தோப்பு. அதில் சுமார் 100 ஏக்கரைக் கார் நிறுத்தவே ஒதுக்கினார்கள். பூங்காவுக்குக் கிடைத்தது சுமார் 60 ஏக்கர்தான்!

ஏன் இப்படி? அங்கே ஜனங்கள் காரில்தான் வருவார்கள். பூங்காவுக்கு அருகிலேயே பெரிய நெடுஞ்சாலை போகிறது.

மைதானத்தில் 12,000 கார்கள் நிற்கும். காருக்கு 4 பேர் என்று வைத்துக்கொண்டாலும் 48,000 பேர். ஒரு சிறிய நகரமே நடந்து வருவதற்குச் சமம்! அதனால் டிராம் விட்டார்கள். கார் நிறுத்த அன்று கட்டணம் 25 சென்ட். அதாவது, கால் டாலர்.

திரும்பி வரும்போது காரைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாடு. எல்லாக் காரும் ஒன்று போலத் தெரியும். அதற்கும் ஒரு யோசனை செய்தார்கள். மைதானத்தின் பகுதிகளுக்குக் கார்ட்டூன் பாத்திரங்களின் பெயரை வைத்தார்கள். எண் மறந்துபோகும், பெயர் மறக்காது. பெரியவர்கள் மறந்தாலும் குழந்தை சொல்லிவிடும்!

தூரம் கூடியது

நாளாக ஆக, நிலத்தின் மதிப்பு ஏறியது. வெறும் காரை நிறுத்த 100 ஏக்கரா என்று கம்பெனி யோசித்தது.

பழைய கார் மைதானத்தில் இன்னொரு பூங்காவைக் கட்டினார்கள். அது 2001-ல் திறக்கப்பட்டது. கார்களுக்கு வேறு இடத்தில் அடுக்கு மாடிக் கட்டடம் எழுந்தது. 10,000 கார்களுக்கு மேல் அதில் நிற்கும். 2019-ல் பக்கத்திலேயே இன்னொரு கட்டடமும் வந்தது.

கம்பெனிக்கு ஒரு பூங்கா கூடியது. ஜனங்களுக்குத் தூரம் கூடியது. முன்பு வாசலுக்கு எதிரிலேயே நின்ற கார், இப்போது அரை மைலுக்கு அப்பால் நின்றது. நடந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆகவே, டிராம் முன்பைவிட அதிகமாகத் தேவைப்பட்டது.

நோய் வந்தது; வண்டி நின்றது

2020 மார்ச்சு மாதம் கொரோனா நோய் பரவியது. டிஸ்னிலாந்து மூடப்பட்டது. 13 மாதம் பூட்டியே கிடந்தது. நெருங்கி உட்காரும் டிராம் ஓடாததில் ஆச்சரியம் இல்லை.

கம்பெனிக்கும் பெரும் நஷ்டம். பூங்காத் தொழிலில் இருந்த 28,000 சிப்பந்திகளை வேலையில் இருந்து நீக்கப்போவதாக 2020 செப்டம்பரில் அறிவித்தது.

2021 ஏப்ரல் 30-ந் தேதி பூங்கா மீண்டும் திறந்தது. ராட்டினங்கள் சுழன்றன. கடைகள் திறந்தன. டிராம் மட்டும் வரவில்லை. கார்க் கட்டடத்தில் இருந்து பெரும்பாலோர் நடந்தே போனார்கள்.

காலையில் நடப்பது ஒரு கஷ்டம் அல்ல. உற்சாகம் இருக்கும். இரவுதான் கஷ்டம். நாள் முழுவதும் சுற்றிய கால்கள். தோளில் தூங்கும் குழந்தை. கையில் மூட்டை. அப்போது அரை மைலும் ஐந்து மைல்தான்.

இந்த நிலையில், 2021 அக்டோபரில் கார்க் கட்டணம் 25 டாலரில் இருந்து 30 டாலராக உயர்ந்தது! வண்டி இல்லை, கட்டணம் மட்டும் ஏறியது.

கடைசியில் 2022 பிப்ரவரி 23-ந் தேதி டிராம் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதே கம்பெனி புளோரிடாவில் நடத்தும் "மேஜிக் கிங்டம்" பூங்காவில், சில வாரங்களுக்கு முன்பே, 2021 டிசம்பரில் டிராம் திரும்பி இருந்தது.

இலவசமா? இல்லையா?

டிராமுக்குத் தனி டிக்கெட் கிடையாது. அதனால் "இலவசம்" என்கிறோம். உண்மையில் அது இலவசமா?

காரை அவ்வளவு தூரத்தில் நிறுத்தச் சொன்னது பூங்கா. அதற்குக் கட்டணம் வாங்குவதும் பூங்கா. அங்கிருந்து வாசலுக்குக் கொண்டு சேர்ப்பதும் அந்தக் கட்டணத்துக்குள் அடங்கியதுதான். ஆகவே, டிராம் தர்மம் அல்ல, கடன்.

கம்பெனியின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. டிராம் தனியாகப் பணம் கொண்டு வராது. டிரைவருக்குச் சம்பளம், வண்டிக்குப் பழுது பார்ப்பு, எரிபொருள் என்று செலவு மட்டுமே உண்டு. கணக்குப் புத்தகத்தில் அது நஷ்டப் பக்கத்திலேயே இருக்கும். சிக்கனம் என்று வந்தால், முதலில் கண்ணில் படுவது இப்படிப்பட்ட வசதிகள்தான்.

ஆனால், கணக்கில் வராத ஒன்று உண்டு. களைத்துப் போன குடும்பம் மறுபடி வர யோசிக்கும். நடக்க முடியாத பாட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும். பாட்டி இல்லாமல் பேரனுக்கு உல்லாசம் ஏது?

பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, கோவில், பொருட்காட்சி என்று கூட்டம் கூடும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். வாசலை அலங்கரிப்பவர்கள் பலர். வாசல் வரை வர வழி செய்பவர்கள் சிலர்தான்.

ஜனங்களின் பயணம் வாசலில் தொடங்குவது இல்லை. காரை விட்டு இறங்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. இரவில் அங்கேதான் முடிகிறது.