இட்லிப்பூச் செடியில் இலை மஞ்சளாகிறதா? முட்டை ஓட்டைத் தூர வையுங்கள்!

ஊரிலிருந்து வந்திருந்த ஆச்சியை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், ஆசையாக என் இட்லிப்பூச் செடியைக் காட்டினேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "மக்களே, இதுக்கு என்ன, மஞ்சக்காமாலையா?" என்றார்.

நாகர்கோவில் பக்கம் ஆச்சி வீட்டில் இதன் பெயர் தெச்சி. வேலியோரம் யாரும் கவனிக்காமலே ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கும். பூவைப் பிடுங்கி அடிக்காம்பை உறிஞ்சினால் ஒரு துளி தேன். லீவுக்குப் போனால் எங்களுக்கு அதுதான் வேலை. சங்க காலத்தில் ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய வெட்சியும் இந்தச் செடிதான் என்பார்கள். அப்படிப்பட்ட செடி, சென்னையில் என் தொட்டிக்கு வந்து எட்டு மாதத்தில் சோர்ந்துவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. தண்ணீரைக் கூட்டினேன். பிறகு முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன். இலை இன்னும் வெளுத்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு நான் எழுதிய ஒரு மாடித்தோட்ட டிப்ஸ் தொகுப்பில், 'முட்டை ஓட்டுத் தூள் எல்லாப் பூச்செடிக்கும் நல்லது' என்று ஒரு வரி இருந்தது. அதில் 'எல்லா' என்ற வார்த்தை தப்பு. அதைப் படித்து இட்லிப்பூவுக்குப் போட்டவர்கள் மன்னிக்கவும்.

காரணம் இதுதான். இட்லிப்பூ லேசான புளிப்பு மண்ணை விரும்பும் செடி. மண்ணின் பிஹெச் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். மழை அதிகம் பெய்யும் ஆச்சி ஊர்ச் செம்மண்ணில் அது இயல்பாகவே அமைந்துவிடுகிறது. நம் மாடியிலோ, பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டுகிற போர் தண்ணீர். பல தொட்டிகள் சிமென்ட். சுண்ணாம்புச் சத்து ஏற ஏற மண் காரத்தன்மைக்கு மாறும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. முட்டை ஓடும் சுண்ணாம்புதானே! மெதுவாகக் கரைவதால் அது மட்டுமே செடியைச் சாகடிக்காது. ஆனால், ஏற்கெனவே சுண்ணாம்பில் திணறும் செடிக்கு அது எதற்கு?

இரும்புச்சத்துக் குறைபாடுதானா என்று கண்டுபிடிப்பது சுலபம். நுனியில் இருக்கும் புது இலைகளைப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக, நடுப்பகுதி மஞ்சளாக இருந்தால் அதேதான். அடியில் உள்ள பழைய இலை முழுசாக மஞ்சளானால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. மண்புழு உரம் போதும். தொட்டி எப்போதும் சொதசொதவென்று இருந்தால் முதலில் வடிகால் துளையைக் குத்திவிடுங்கள், வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும்.

நான் செய்தது: செடியைப் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, தென்னைநார்க் கழிவு 1 பங்கு. வீடு கட்டிய இடத்து மண்ணை மட்டும் அள்ளிவிடாதீர்கள், அதில் சிமென்ட் கலந்திருக்கும். மழைநீரை இரண்டு டிரம்மில் பிடித்து வைத்து முடிந்தவரை அதையே ஊற்றுகிறேன்.

அடுத்து, உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பு. 1 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அரை எலுமிச்சம்பழச் சாறு. வடிகட்டி, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். 15 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை போதும். அளவு கூடினால் இலை கருகும். தரையில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது. எங்கள் ஹவுஸ் ஓனர் இன்னும் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே போகிறார்.

மூன்றாவது வாரம் புது இலை பச்சையாக வந்தது. உடனே போட்டோ எடுத்து ஆச்சிக்கு அனுப்பினேன். "இலை கெடக்கட்டும், பூ எங்க மக்களே?" என்று போன் வந்தது.

பூவுக்கு வெயில் வேண்டும், தினமும் ஐந்தாறு மணி நேரமாவது. நிழலில் வைத்தால் இலை மட்டும்தான். இன்னொன்று, பூக்கொத்து புதுத்தளிரின் நுனியில்தான் வரும். அழகாக இருக்கட்டும் என்று வாரா வாரம் நுனியை வெட்டினால் மொட்டும் சேர்ந்து போய்விடும். கொத்து வாடிய பிறகு, அதற்குக் கீழே இரண்டு கணு விட்டுக் கிள்ளினால் போதும். எறும்பு ஏறினால் இலையின் அடியைப் பாருங்கள், மாவுப்பூச்சி இருக்கலாம். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடலாம்.

என் செடியில் இப்போது இரண்டு கொத்து மொட்டு.