ஏறுவது இருக்கட்டும், இறங்குவது எப்படி?

புதுச்சேரிக்காரனுக்கு மலை என்றால் கோரிமேடுதான். சைக்கிள் காலத்தில் அந்த ஏற்றத்துக்கே பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனவன் நான். அப்படிப்பட்டவன் மலைச்சரிவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் மாப்பிள்ளை.

அவர் ஏற்காட்டில் 20 சென்ட் மனை வாங்கியிருக்கிறார். கீழே தார்ச்சாலை. அதிலிருந்து 50 அடி உயரத்தில் வீடு. அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. சரிவோ செங்குத்து, நாலடி உள்ளே போனால் மூன்றடி மேலே போய்விடும். எனக்கு எழுபது தாண்டி நாளாகிறது. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது. "நீங்க ரெண்டு பேரும் கோடையில அங்கதான் வந்து இருக்கணும்" என்பது மகளின் ஆசை. ஆனால் வீட்டுக்கு எப்படிப் போய் வருவது?

மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஜேசிபிக்காரர், "கார் வாசல் வரை வர்ற மாதிரி ரோடு வெட்டிடலாம்" என்கிறார். ஒரு கம்பெனிக்காரர், தண்டவாளத்தில் ஓடும் சாய்வு லிப்ட் போடலாம் என்கிறார். மேஸ்திரி, "நேரா படிக்கட்டு, செலவு கம்மி" என்கிறார்.

"மாமா, நீங்க பி.டபிள்யு.டி.யில இருந்தவர்தானே, நீங்களே சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. நான் இருந்தது எழுத்தர் நாற்காலியில், இன்ஜினியர் நாற்காலியில் அல்ல. ஆனாலும் எஸ்டிமேட் கோப்புகளோடு முப்பது வருடம் காலம் தள்ளியவனுக்குக் கூட்டல் கழித்தலாவது தெரியும். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். மூன்று பேருமே ஏறுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இறங்குவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் மூத்த மைத்துனர் வேறொரு மலையூரில் இப்படித்தான் வீடு கட்டினார். நேர்ப் படிக்கட்டு, கைப்பிடி கிடையாது. ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி, அடைமழை, கரண்ட் இல்லை. அவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் கீழே வந்து நிற்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினார்கள். படி அகலம் இரண்டரை அடி. தூக்குகிறவர்கள் பக்கத்தில் நிற்க இடமில்லை. பாசி வழுக்குகிறது. ஒருவர் கையில் செல்போன் வெளிச்சம். சாலைக்கு வந்து சேர முக்கால் மணி நேரம். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மனிதர் அதன்பின் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. ஆசை ஆசையாகக் கட்டியதை வந்த விலைக்கு விற்றார்.

ஆகவே என் கேள்வி ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்கு, மழையில், கரண்ட் இல்லாமல், ஒரு நோயாளியை அந்த வழியாகக் கீழே கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் அது வழி. முடியாது என்றால் அது வெறும் அலங்காரம்.

முதலில் ரோடு. இந்தக் கேள்விக்கு ரோடு நல்ல பதில் போலத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடிக்கு ஓரடி ஏற்றம் என்று வைத்தால், 50 அடி ஏற 500 அடி நீளம் வேண்டும். பத்தடி அகலம் என்றால் 5,000 சதுர அடி. இருபது சென்ட் என்பது மொத்தமே 8,712 சதுர அடி. மனையில் பாதிக்கு மேல் ரோடாகிவிடும். கொண்டை ஊசி வளைவுகளுக்கும், ஓரத்துக் கால்வாய்க்கும் வேறு இடம் வேண்டும். இந்தச் சரிவில் பத்தடி அகலம் மட்டமாக வெட்டினால், உள்பக்கம் ஏழரை அடிக்குச் சுவர் போல மண் நிற்கும். அதன் காலை நாம் வெட்டிவிட்டோம். இனி அதைத் தாங்குவது யார்? தாங்குசுவர் கட்ட வேண்டும், சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறத் துளைகள் விட வேண்டும். ஜேசிபிக்காரர் சொன்ன தொகையில் இதெல்லாம் இல்லை.

ஃபெஞ்சல் புயலை நாம் மறக்க முடியுமா? 2024 நவம்பர் 30 ராத்திரி நம் ஊர்ப் பக்கம்தான் கரையைக் கடந்தது. நம் வீடுகளில் தண்ணீர் புகுந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து ஒரு வீட்டுக்குள் ஏழு பேர் புதைந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்தது. தண்ணீர் குடித்த மலை யார் எவர் என்று பார்ப்பதில்லை. அப்படியிருக்க, நம் வீட்டுக்கு அடியில் நாமே போய் வெட்டுவதா?

அடுத்து லிப்ட். விலையைக் கேட்டதும் என் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். விலை கிடக்கட்டும். நான் இயந்திரத்துக்கு எதிரியில்லை. பாரீசில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனபோது மோன்மார்த்ர் குன்றில் ஃபுனிக்குலேரில் ஏறியிருக்கிறேன். 1900இல் தொடங்கியது; 36 மீட்டர் உயரத்தை ஒன்றரை நிமிடத்தில் ஏற்றிவிடுகிறது. அதை ஒட்டியே 222 படிகளும் இருக்கின்றன. அத்தனை வருடமாக இயந்திரம் ஓடியும் பிரெஞ்சுக்காரன் படியை இடிக்கவில்லை. அவ்வளவு தூரம் எதற்கு? நம் பழனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966 முதல் வின்ச் ஓடுகிறது, 2004 முதல் ரோப் கார் ஓடுகிறது. பலத்த காற்று அடித்தால் ரோப் கார் நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்கென்று வாரக் கணக்கில் நிற்கும். அன்றைக்கும் முருகனைத் தரிசிக்க முடிகிறதே, எப்படி? படிப்பாதையும் யானைப்பாதையும் இருப்பதால்தான். படி இல்லாத இடத்தில் லிப்ட் மட்டும் இருந்தால், அது நின்ற அன்று மேலே இருப்பவர் கைதிதான்.

மூன்றாவது, மேஸ்திரியின் நேர்ப் படிக்கட்டு. "தாத்தா, நடந்தா உடம்புக்கு நல்லது" என்று பேரப்பிள்ளைகள் இதற்கு ஒத்து ஊதுகிறார்கள். ஓரடி மிதிக்கு ஒன்பது அங்குல ஏற்றம் வைத்து 67 படிகள், ஏணி மாதிரி. ஏறும்போது மூச்சு வாங்கும். நின்று நின்று ஏறிவிடலாம். இறங்கும்போதல்லவா முழங்கால் அழும்! வயசானவர்களுக்கு இது தெரியும். மேஸ்திரிக்கு இன்னும் முப்பது வருடம் கழித்துத் தெரியும்.

பள்ளியில் எங்களுக்கு வரைபடப் பாடம் எடுத்த மிஸ்யே ஒருவர் புளோந்தெல் கணக்கு என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார். புளோந்தெல், பதினான்காம் லூயி காலத்துக் கட்டடக் கலைஞர். மனிதனின் நடை அளவை வைத்து அவர் போட்ட கணக்கு இது: இரண்டு படி ஏற்றமும் ஒரு மிதி அகலமும் சேர்ந்தால் 24 அங்குலம் வரவேண்டும். பிரெஞ்சு அங்குலம் கொஞ்சம் பெரிது, அது போகட்டும். மேஸ்திரியின் படி 30 அங்குலம் வருகிறது. ஆறு அங்குல ஏற்றம், ஓரடி மிதி என்று வையுங்கள். கச்சிதமாக 24 வரும். அப்போது 67 படிக்குப் பதில் 100 படி ஆகும். நேராகப் போக முடியாது. சரிவின் குறுக்கே வளைந்து வளைந்துதான் போக வேண்டும். போகட்டுமே, என்ன குடி முழுகிவிட்டது?

மாப்பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். 100 படி. பத்துப் படிக்கு ஒரு தளம். ஒன்றுவிட்டு ஒரு தளத்தில் உட்கார ஒரு கல் திண்ணை. அகலம் நாலடிக்குக் குறையக் கூடாது. திருப்பங்களில் நாற்காலியோடு நாலு பேர் திரும்ப இடம் வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி. கடைசிப் படியைத் தாண்டியும் ஓரடி நீள வேண்டும். வழவழ டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான கருங்கல் போதும். படி விளிம்பில் மஞ்சள் கோடு. கண்புரைக்காரருக்கு அதுதான் கண். ஓரமாக மழைநீர்க் கால்வாய். கரண்ட் போனாலும் எரிகிற சோலார் விளக்கு. அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஏற ஒரு சின்ன வின்ச். மண்ணில் கை வைப்பதற்கு முன், மலைப்பகுதிக்கு உரிய அனுமதி.

இதெல்லாம் முடிந்து பணம் மிஞ்சினால் லிப்டும் வையுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரைப் படி ஏறச் சொல்வது பாவம். அவருக்கு இயந்திரம் வேண்டும்தான். ஆனால் படி முதலில், லிப்ட் பிறகு. இன்னும் அஸ்திவாரம் போடாதவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டையே சாலைப் பக்கம் கீழே கட்டிவிட்டு, மலைக்காட்சி பார்க்க மேலே ஒரு சின்ன மண்டபம் கட்டிக்கொள்ளலாமே? யாரும் அதை ஏன் யோசிப்பதில்லை?

மாப்பிள்ளை காகிதத்தை வாங்கிப் படித்தார். "100 படி அத்தை ஏறுவாங்களா மாமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்தது. "திண்ணைக்குத் திண்ணை உக்காந்து ஏறிடுவேன் தம்பி. என்னைக்காவது என்னைத் தூக்கிட்டு இறங்கணும்னா, நாலு பேருக்கு கால் வழுக்காம இருக்கணும். அதை மட்டும் பாத்துக்கோங்க."

மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மேஸ்திரிக்குப் போன் போட்டு, அகலத்தை நாலடியாக்கச் சொன்னார். கைப்பிடி பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. விடமாட்டேன்.