பிளக் மரை போனால் ஹெட்டையே மாற்ற வேண்டுமா?

‘எங்களிடம் பெட்ரோல் பவர் வீடர் இருக்கிறது. மக்காச்சோளத்தில் களை ஓட்டும்போது பட்டென்று சத்தம் வந்து, ஸ்பார்க் பிளக் கேப்பைப் பிய்த்துக்கொண்டு நாலு பார் தள்ளிப் போய் விழுந்தது. அந்தப் பக்கம்தான் என் மகன் நின்றிருந்தான். இப்போது பிளக்கைப் போட்டால் சும்மா சுற்றுகிறதே தவிர, இறுகவில்லை. ஹெட்டை மாற்ற வேண்டும், வருவதற்குப் பத்து நாளாகும் என்கிறார் மெக்கானிக். எம்-சீல் வைத்து ஒட்டினால் போதும் என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். களை முட்டிக்கொண்டு நிற்கிறது. என்ன செய்யலாம்?’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

சகோதரி, முதலில் அந்த எம்-சீல் யோசனையை விட்டுவிடுங்கள். பிளக் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு வெடிப்பிலும் கடுமையான சூடும் அழுத்தமும் வரும். ஒட்டு கொஞ்ச நேரம் தாங்குவதுபோல் தாங்கிவிட்டு, மறுபடியும் பிளக் பறக்கும். டெஃப்லான் டேப், நூல் சுற்றுவது எல்லாமே அந்த ரகம்தான். மரையைச் சரிசெய்யும் வரை இன்ஜினைத் தொடாதீர்கள்.

ஆனால், ஹெட்டை மாற்றவேண்டிய அவசியம் அநேகமாக இருக்காது. பிளக்கின் மரையில் வெள்ளியாக, கம்பிச் சுருள் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அதுதான் உங்கள் ஹெட்டின் மரை. ஹெட் அலுமினியம், பிளக்கின் மரை இரும்பு. மிருதுவானதுதான் தேயும். நானும் சின்ன வயதில் பம்ப்செட் இன்ஜினில், ஸ்பானருக்குப் பின்னால் பைப்பைச் சொருகி இறுக்கி, இதே சுருளைக் கையில் எடுத்தவன்தான்.

இதற்கு லேத் பட்டறைகளில் ‘ஹெலிகாயில் போடுவது’ என்று ஒரு வேலை உண்டு. தேய்ந்த ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள டேப்பால் புது மரை வெட்டுவார்கள். அதற்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருளைத் திருகி இறக்குவார்கள். சுருளின் உள்பக்கம் பழைய அளவு மரையாகவே இருக்கும். அதே பிளக்கைப் போடலாம். இனி பிளக் உரசுவது அலுமினியத்தில் அல்ல, ஸ்டீலில் என்பதால், ஒழுங்காகப் போட்ட காயில் பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும். கார், பைக் இன்ஜின் பார்க்கும் பட்டறைகளில் கேளுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது பிளக்கையும் எடுத்துப் போங்கள். இந்த வகை இன்ஜின்களில் பெரும்பாலும் 14 மி.மீ. மரை, 1.25 மி.மீ. பிட்ச்தான். ஆனால், மரையின் நீளம் பிளக்குக்குப் பிளக் மாறும். காயிலின் நீளம் அதற்குப் பொருந்த வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஹெட்டைக் கழற்றித் தனியாக வைத்துத்தான் மரை வெட்ட வேண்டும். ‘கழற்ற வேண்டாம், டேப்பில் கிரீஸ் தடவி அப்படியே வெட்டிவிடலாம்’ என்பார்கள். முடியும்தான். ஆனால், ஒரு துண்டு அலுமினியச் சீவல் உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். காயிலின் அடியில் திருகுவதற்காக ஒரு சின்னக் கொக்கி இருக்கும். வேலை முடிந்ததும் அதை உடைத்து எடுப்பார்கள். அதுவும் உள்ளே விழக்கூடியதுதான். கழற்றியதற்கு ஒரு புது ஹெட் கேஸ்கெட் செலவாகும், அவ்வளவுதான்.

ஹெட்டைக் கழற்றியதும் உள்பக்கத்திலிருந்து மரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கோணலாக ஏறி, முதல் இரண்டு மூன்று சுற்று மட்டும் கெட்டிருந்தால், உள்பக்கமிருந்து சாதாரண டேப்பை ஓட்டினாலே சரியாகிவிடும். ஆனால், உங்கள் பிளக் பறந்தே போயிருக்கிறது, அதனால் காயில்தான் தேவைப்படும் என்று நினைக்கிறேன். ஓட்டை காயிலுக்கும் அடங்காத அளவு பெரிதாகியிருந்தால், லேத்தில் புஷ் கடைந்து இறக்கலாம். பிளக் ஓட்டையிலிருந்து வால்வு பக்கம் விரிசல் ஓடியிருந்தால் மட்டும் மெக்கானிக் சொல்வதே சரி. ஹெட்டை மாற்றுங்கள்.

இன்ஜினில் கார்புரேட்டர், சைலன்ஸர் பிடிக்கும் 6, 8 மி.மீ. போல்ட்டுகளின் மரை போனாலும் இதே வைத்தியம்தான்.

இனி பிளக்கைக் கழற்றுவதென்றால் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழற்றுங்கள். சூட்டில் அலுமினியம் இன்னும் மிருதுவாகிவிடும். மாட்டும்போது ஸ்பானரை எடுக்காதீர்கள். பிளக்கின் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் டியூப்பைச் சொருகி, அதைப் பிடித்துத் திருகுங்கள். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். வாஷர் உட்காரும் வரை கையாலேயே போக வேண்டும். அதன்பிறகு ஸ்பானரில், புது பிளக் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் கால் சுற்றுக்குள். மரையில் ஆயில், கிரீஸ் வேண்டாம். வழுக்கிக்கொண்டு அளவுக்கு மீறி இறுகிவிடும்.

காயில் போட்டு வந்ததும் அரை மணி நேரம் ஓட்டுங்கள், மகனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு. ஆறவிட்டு, பிளக் தளர்ந்திருக்கிறதா, அடியில் கரிப்புகை கசிந்த கோடு தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் காட்டுக்குள் இறக்கலாம்.