கலப்பு ஊரின் யோக்கியதை

ஜெருசலேமுக்குக் கிழக்கே, சாக்கடலை நோக்கி இறங்கும் பாலைவனக் குன்றுகளில் கபார் அதுமிம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1967-ம் வருஷத்து யுத்தத்தில் இஸ்ரேல் பிடித்துக்கொண்ட பாலஸ்தீனப் பூமியில், 1979-ல் யூதர்கள் ஏற்படுத்திய குடியேற்றம் அது. அதற்கு ஒரு பெருமை சொல்லுகிறார்கள். ஓய்வுநாளில் விளக்கேற்றுவதே பாபம் என்கிற வைதிகரும், அதே நாளில் மோட்டார் ஓட்டிப் போகிறவரும் அங்கே அண்டைவீட்டுக்காரர்களாம். இருசாரார் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்களாம். வைதிகருக்குத் தனிப் பள்ளிக்கூடம் நடக்கிற தேசத்தில் இது நல்ல மாறுதல்தான். நாம் குறைகூற வரவில்லை.

ஆனால், தோழர்களே, இந்தக் கலப்பு எந்த வேலியோடு நின்று போகிறது என்று பார்க்க வேண்டாமா?

பக்கத்திலேயே, பெருஞ்சாலை ஓரத்தில், கான் அல்-அஹ்மர் என்ற குடிசை ஊர் இருக்கிறது. ஜஹாலின் என்னும் பெடுவின் கூட்டத்தார், ஆடு மேய்ப்பவர்கள். 1950-களில் நெகேவ் பாலைவனத்திலிருந்து இஸ்ரேல் துரத்திவிட, இப்பக்கம் வந்து ஒண்டியவர்கள். 2009-ல் இவர்கள் பிள்ளைகளுக்காகப் பழைய மோட்டார் டயர்களையும் மண்ணையும் கொண்டு ஒரு பள்ளிக்கூடம் எழும்பிற்று. அதை இடிக்கவேண்டுமென்று கபார் அதுமிம்காரர்களும் அக்கம்பக்கத்துக் குடியேற்றக்காரர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள்! அனுமதியில்லாமல் கட்டியதாம். அனுமதி கொடுப்பது யார்? இஸ்ரேலின் ராணுவ நிர்வாகம். அதற்கு மேலே உட்காரும் சர்க்காரைத் தேர்ந்தெடுக்க இவர்களுக்கு ஓட்டு உண்டா? கிடையாது. கேட்டால் அனுமதியாவது கிடைக்குமா? அதுவும் பெரும்பாலும் கிடையாது. 2018-ல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் ஊரையே இடிக்கத் தடையில்லை என்று சொல்லிவிட்டது. பிறகு வெளிநாட்டாரின் கூச்சலுக்குப் பயந்து சர்க்கார் பலமுறை தள்ளிப்போட்டார்கள்.

வைதிகர் சங்கதி நமக்கு விளங்குகிறது. ஆபிரகாமின் சந்ததிக்குக் கடவுள் அந்தப் பூமியைக் கொடுத்தார் என்பது அவர் வேதம். (பெடுவினும் தன்னை ஆபிரகாம் சந்ததி என்றுதான் சொல்லிக்கொள்ளுகிறான், அது எடுபடவில்லை.) ஆனால், ஓய்வுநாளைத் தள்ளிவிட்டவருக்கு அங்கே என்ன பாத்தியதை? கடவுள் இட்ட கட்டளையை விட்டவர், கடவுள் பேரால் எழுதிய பட்டாவை மாத்திரம் விடவில்லையே! சட்டம் என்பார், பந்தோபஸ்து என்பார். ஆட்டுக்காரன் மகள் எழுத்துப் படிப்பதால் யாருடைய பந்தோபஸ்து கெட்டுவிடும்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே 2018-ல், கபார் அதுமிம்மிலும் அதையடுத்த குடியேற்றங்களிலும் உள்ள சிலர், பெடுவின்களை அப்புறப்படுத்தக் கூடாதென்று தாங்களே கோர்ட்டில் மனுப் போட்டார்கள். அவர்களில் வைதிகர் எத்தனை பேர், அல்லாதவர் எத்தனை பேர் என்று நாம் விசாரிக்கப் போவதில்லை.