அவர் சுபாவம் அப்படி

"அவர் சுபாவமே அப்படி, மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார்." எங்கள் வயதுக்காரர்களைப் பற்றி வீட்டார் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். கூடவே 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பார்கள். இதில் எனக்குப் பாதிதான் சம்மதம்.

அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற பேராசிரியர் 1921-ல் சுமார் 1,500 பிள்ளைகளைப் பற்றிக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். அவர் காலத்துக்குப் பிறகும் மற்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். சிறுவயதிலேயே பொறுப்பும் ஒழுங்கும் உள்ளவர்களாக இருந்தவர்கள்தான் பொதுவாக அதிக நாள் வாழ்ந்தார்கள். கலகலப்பான பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை என்பது வேடிக்கை.

ஆனால் ஸ்காட்லாந்தில் 14 வயதில் ஆசிரியர்கள் மதிப்பிட்ட பிள்ளைகளை 77 வயதில் மறுபடி மதிப்பிட்டபோது, இரண்டு மதிப்பீட்டுக்கும் சொல்லும்படியான ஒட்டுறவே இல்லை. சுபாவம் மாறுமா மாறாதா என்பதைப் பண்டிதர்கள் தீர்க்கட்டும். அது தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று நம் திருவள்ளூர் மாவட்டமே காட்டியிருக்கிறது.

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் காசம் குணமாகும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. ஒரு வருஷம் விடாமல் சாப்பிடவேண்டும், அதுதான் சிக்கல். உடம்பு தேறியதும் மாத்திரை பரணுக்குப் போய்விடும். மையத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். இந்த அனுபவத்திலிருந்து வளர்ந்ததுதான் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கவைக்கும் டாட்ஸ் முறை. 1999-ல் நம் மாவட்டத்தில் வெள்ளியூர் வட்டாரத்தில் அது வந்தது. நோயாளி ஒழுங்கானவரா, அசட்டையானவரா என்று அங்கே பிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு. 2004-06 கணக்கெடுப்பில் காசநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. (பிறகு கொஞ்சம் ஏறியதும் உண்டு.)

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் இப்படி ஓர் ஏற்பாடு ஏன் கூடாது? 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது, நல்ல காரியம். விழுங்குகிறாரா என்று பார்ப்பது வீட்டார் வேலை. காலைக் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் மாத்திரையை வைத்துவிட்டு, அதன் பிறகு சுபாவத்தைப் பற்றிப் பேசட்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். இரவு வேலை முடிந்து வருபவருக்குக் 'காலை மாத்திரை' தூங்கப்போகும் முன்பா, எழுந்த பிறகா? மருந்துச் சீட்டில் அதற்குப் பதில் இல்லை. மாத்திரை தவறினால் மட்டும் அவருக்குப் பொறுப்பில்லை என்று பெயர்.