இரு கொடிகளின் கீழ் ஒரு மிதிவண்டி



“பிள்ளை அந்த நாட்டுக் குடியுரிமையையே வாங்கிவிட்டானாம்!” என்னும் பேச்சு இன்று காரிமங்கலம் போன்ற சிற்றூர்களின் இல்லங்களிலும் கேட்கத் தொடங்கிவிட்டது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிச் சென்ற மக்களுட் சிலர், அங்கிருந்து கடல் கடந்து, செவிலியராகவும் பொறியாளராகவும் அயல்நாடுகளில் நிலைத்துவிட்டனர். இச்செய்தி வரும்போது பெற்றோர் உள்ளத்தில் இருவேறு உணர்ச்சிகள் மோதுகின்றன. ‘உயர்ந்துவிட்டான்’ என்ற மகிழ்ச்சி ஒருபுறம். ‘இனி அவன் நம்மவன்தானா?’ என்ற கலக்கம் மறுபுறம்.

இக்கலக்கத்திற்கு விடை தேட, இரு நாடுகளின் பெயரால் பந்தயப் பாதையில் ஓடிய ஒரு மிதிவண்டி வீரரின் வாழ்க்கையை இம்மாதம் எண்ணிப் பார்ப்போம். அவர் பெயர் கிறிஸ் புரூம்.

மிதிவண்டிப் பந்தயங்களுள் தலையாயது பிரான்சு நாட்டை வலம் வரும் ‘தூர் தெ பிரான்சு’ என்பதாகும். 1903-இல் தொடங்கிய இப்பந்தயம் மூன்று வாரங்கள் நடைபெறும். 21 நாட்களில் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் காரிமங்கலத்தின் வழியாகத்தானே செல்கிறது? அச்சாலையின் முழு நீளத்திற்குச் சற்றே குறைந்த தொலைவு அது. அதுவும் சமவெளியில் மட்டுமன்று. ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைத்தொடர்களின் உச்சிகளைத் தாண்டி ஓட்ட வேண்டும். அப்பந்தயத்தில் 2013, 2015, 2016, 2017 ஆகிய நான்கு ஆண்டுகளில் வாகை சூடியவர் புரூம். ஏட்டில் அவ்வெற்றிகள் பிரிட்டனின் பெயரால் எழுதப்பட்டுள்ளன. ஆனால் அவர் பிறந்தது ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியில், 1985 மே 20-ஆம் நாள்.

தந்தை இங்கிலாந்தில் பிறந்தவர். தாயோ கென்யாவிலேயே பிறந்து வளர்ந்த ஆங்கில வழியினர். பெற்றோர் மணவாழ்வு முறிந்தபின் சிறுவன் தாயுடன் வாழ்ந்தான். மிதிவண்டியின் மீது மோகம் கொண்ட மகனை அத்தாய், டேவிட் கின்ஜா என்ற கென்ய வீரரிடம் அழைத்துச் சென்றார். நைரோபிக்கு அருகே கிகுயு என்னும் ஊரில், தகரக் கூரை வேய்ந்த, குழாய்த் தண்ணீர் வசதியும் இல்லாத எளிய வீடு அவருடையது. அவ்வூர்ச் சிறுவர்களைக் கூட்டி, மிதிவண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் பயிற்றி வந்தார் அவர். அங்கேதான் புரூம் மேட்டில் மூச்சடக்கி ஏறவும், சக்கரத்தைக் கழற்றி மாட்டவும், அவ்வூர்ப் பிள்ளைகளோடு ஒரே தட்டில் உண்ணவும் கற்றான். நிறமும் வசதியும் வேறாயினும் அங்கே அவன் பல மாணவருள் ஒருவன், அவ்வளவே.

பதினான்கு வயதில் தென்னாப்பிரிக்காவுக்குப் படிக்கச் சென்ற புரூம், அங்கும் மிதிவண்டியை விடவில்லை. 2006-இல் மெல்போர்ன் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டுகளில் கென்யாவின் கொடியின் கீழ் கலந்துகொண்டார். ஆசிரியரான கின்ஜாவும் அதே அணியில் உடன் ஓடினார். அவ்வாண்டிலேயே ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் இளையோருக்கான உலகப் போட்டி நடந்தது. தம் பெயரைச் சேர்ப்பதற்காகக் கென்ய மிதிவண்டிச் சங்கத் தலைவரின் மின்னஞ்சலைத் தாமே பயன்படுத்திக்கொண்டதாகப் பின்னாளில் புரூமே கூறியிருக்கிறார். அச்செயல் போற்றத்தக்கதன்று. எனினும் துணைநிற்க ஆளில்லாத ஓர் இளைஞனின் தவிப்பை அது காட்டுகிறது. அங்கே புறப்பட்ட சிறிது நேரத்திலேயே பாதையில் நின்ற அலுவலர் ஒருவர்மீது மோதி விழுந்தார் என்பதும் வரலாறு.

2007-இல் தென்னாப்பிரிக்க அணியொன்றில் சேர்ந்து தொழில்முறை வீரரானார். 2008-இல் தம் பந்தய உரிமத்தைக் கென்யாவிலிருந்து பிரிட்டனுக்கு மாற்றிக்கொண்டார். பெற்றோர் வழியில் பிரித்தானியக் கடவுச்சீட்டு அவரிடம் முன்பே இருந்தது. கென்யச் சங்கத்திடம் எதிர்பார்த்த ஆதரவு கிட்டவில்லை. பிரிட்டனிலோ பயிற்சியும் பணமும் காத்திருந்தன. அதே ஆண்டில், முதன்முறையாகப் பிரான்சு வலத்தில் கலந்துகொள்வதற்குச் சில வாரங்கள் முன்பு, தாயாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். கின்ஜாவின் வீட்டுக்கு மகனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற அன்னை, மகனின் பெரும் பந்தயம் ஒன்றையும் காணாமலே கண்மூடினார்.

பின்னர் நடந்தவை உலகம் அறிந்தவை. 2011-இல் ஸ்பெயின் நாட்டு வலத்தில் 13 வினாடிகளில் முதலிடத்தை இழந்தார். அன்று வென்றவர் ஊக்கமருந்துக் குற்றத்தால் தகுதியிழக்கவே, எட்டாண்டுகள் கழித்து 2019-இல் அவ்வெற்றி புரூமுக்கு வழங்கப்பட்டது. 2012-இல் தம் அணித் தலைவர் விக்கின்சுக்காக மலைப்பாதையில் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, இரண்டாம் இடத்தோடு நின்றார். 2018-இல் இத்தாலிய வலத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் தனியே ஓட்டி முன்னேறி, அதனையும் வென்றார்.

நிழலும் இல்லாமல் இல்லை. 2017-இல் ஸ்பெயின் வலத்தின்போது, ஆஸ்துமாவுக்கு உட்கொள்ளும் மருந்து அளவுக்கு மிஞ்சி உடலில் காணப்பட்டதாகப் பெரும் வழக்கு எழுந்தது. 2018 சூலையில் உலக மிதிவண்டிச் சங்கம் தண்டனை ஏதுமின்றி அதனை முடித்தது. 2019 சூன் மாதம் பயிற்சியின்போது சுவரில் மோதித் தொடை எலும்பும் முழங்கையும் விலா எலும்புகளும் முறிந்தன. பழைய வலிமை அதன்பின் திரும்பவில்லை. ஆயினும் 2022-இல், ஆல்ப் துயேஸ் மலையுச்சியில் முடிந்த ஒரு நாள் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார்.

வாசகர்களே, இப்போது நம் கேள்விக்கு வருவோம். புரூம் யாருடையவர்? கென்யாவுக்கா, பிரிட்டனுக்கா? இக்கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டால் உண்மை தெளிவாகும். கின்ஜாவும் புரூமும் ஒரே சாலையில் ஓட்டினார்கள். ஒரே மேட்டில் வியர்த்தார்கள். ஒரே போட்டியில் ஒரே நாட்டின் சட்டை அணிந்தார்கள். ஒருவருக்கு மற்றொரு நாட்டின் கதவும் திறந்தது. மற்றவருக்கு இருந்ததோ கென்யா மட்டுமே. வெற்றி முயற்சியால் வருவது என்பது உண்மை. ஆயினும், முயலும் இருவருள் ஒருவருக்கு மட்டும் வாயில் திறப்பது பிறப்பால் கிடைத்த ஒரு தாளினால் என்பதும் உண்மை. அயல்நாட்டில் உயர்ந்த பிள்ளை இதனை ஒருபோதும் மறத்தலாகாது. “என் உழைப்பு” என்று அவன் சொல்லும்போது, அதே அளவு உழைத்து ஊரிலேயே நின்றுவிட்ட நண்பனை நினைவில் கொள்ள வேண்டும்.

புரூம் அதனை மறைக்கவில்லை என்பது அவருக்குப் பெருமை. 2014-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் கின்ஜாவைப் பற்றி அவர் விரிவாகவே எழுதியுள்ளார். சட்டையின் நிறம் மாறலாம். கற்பித்தவரின் பெயர் மாறுவதில்லை.

நாடுகளின் சட்டங்களும் இதில் வேறுபடுகின்றன. கென்யாவில் 2010-இல் புதிய அரசியலமைப்பு வந்தபின், பிறப்பால் குடிமகனாயிருப்பவர் வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றாலும் தம் குடியுரிமையை இழப்பதில்லை. நம் நாட்டு வழக்கம் அவ்வாறன்று. அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அயல்நாட்டுக் குடியுரிமையைத் தாமே விரும்பிப் பெற்றவர், அந்நாளிலேயே இந்தியக் குடிமகனாயிருப்பது நின்றுவிடுகிறது. இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட வேண்டும். அத்தகையோர் ‘ஓ.சி.ஐ.’ எனப்படும் அட்டையைப் பெற்று, விசா இன்றி வந்து போகலாம், தங்கலாம். ஆனால் வாக்குரிமை இல்லை. வேளாண் நிலமோ தோப்போ விலைக்கு வாங்க இயலாது. பெற்றோர் வழிச் சொத்தாக வருவதைப் பெறத் தடையில்லை. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உடைய நம் பகுதிக் குடும்பங்கள் இதனை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம். பிள்ளை விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே குடும்பமாக அமர்ந்து பேசிவிட்டால், பின்னாளில் உடன்பிறந்தாரிடையே மனக்கசப்புக்கு இடமிராது.

விளையாட்டுத் துறையிலும் இவ்விதி கண்டிப்பானது. இந்தியக் கடவுச்சீட்டு உடையவரே தேசிய அணியில் இடம்பெறலாம் என்று 2008-இல் மத்திய அரசு முடிவு செய்தது. ஜப்பானியத் தாய்க்கும் இந்தியத் தந்தைக்கும் பிறந்த அராத்தா இசுமி என்ற கால்பந்து வீரர், நமக்காக ஆட விரும்பி ஜப்பானியக் குடியுரிமையையே துறந்து, 2013-இல் இந்தியச் சட்டை அணிந்தார். ஒருவர் தந்தையின் நாட்டுக்காக ஒன்றைத் துறந்தார். மற்றொருவர் பிறந்த நாட்டின் உரிமத்தை விட்டு, தந்தையின் நாட்டுக்குச் சென்றார். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தி, இவர் நல்லவர், அவர் நன்றி கெட்டவர் என்று தீர்ப்பிட நாம் யார்? அவரவர் முன் கிடந்த பாதை வேறு. மூடியிருந்த கதவும் வேறு.

எனவே, பெற்றோரே, பிள்ளையின் கடவுச்சீட்டு நிறம் மாறியதைக் கண்டு, உறவே அறுந்ததுபோல் கலங்க வேண்டாம். அதற்காக அதனை வெறும் பெருமையாக ஊரெல்லாம் பறைசாற்றவும் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தனக்கு முதன்முதல் மிதிவண்டியைப் பிடித்து ஓட்டக் கற்றுத்தந்த அண்ணனின் பெயர் அவனுக்கு நினைவிருக்கிறதா? கட்டணம் கட்ட இயலாத மாதத்தில் பொறுத்துக்கொண்ட ஆசிரியரை, ஊருக்கு வரும்போது வீடு தேடிச் சென்று பார்க்கிறானா? தன்னோடு படித்து, வாய்ப்பின்றி இங்கேயே நின்றுவிட்ட தோழனிடம் சமமாக அமர்ந்து பேசுகிறானா? ஆம் எனில், அவன் எந்நாட்டுக் குடிமகனாயினும் உங்கள் பிள்ளைதான்.

நம் ஊரிலும் கின்ஜாக்கள் உண்டு. ஆண்டுதோறும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் ஏறி, மேடும் பள்ளமுமான சாலைகளில் பள்ளிக்கு விரைகின்றனர். அவர்களுள் யார் எவ்வளவு தொலைவு செல்வர் என்று இன்று சொல்ல இயலாது. ஆனால் அச்சக்கரத்திற்குக் காற்றடித்து அனுப்பும் கைகள் எவை என்பது நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் அதனைச் சொல்லி வளர்ப்போம்.